டிரஸ்டியாகச் சேரச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்? (தருமபுரி மாவட்டம்)

பாலக்கோடு வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பென்னாகரம் பக்கம் மலையோரக் கிராமங்களில் வேலை செய்யும் ஒரு அறக்கட்டளையில் டிரஸ்டியாகச் சேரும்படி கேட்டிருக்கிறார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள், எட்டாவதோடு படிப்பு நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையங்களும், பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதியும் நடத்துகிறார்கள். நிறுவனரான பெரியவர் நேர்மையானவர். அந்த விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் நர்சிங் வரை போயிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். வேலை நடக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

போர்டில் இதுவரை ஐந்து பேர். பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகன். ஐந்தாவதாக இருந்த நண்பர் காலமாகிவிட்டார், அந்த இடத்துக்குத்தான் என்னைக் கேட்கிறார்கள். மகன் வீட்டுக்கு வந்து, "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சார், உங்க பேரு இருந்தா போதும். வருஷத்துக்கு ஒரு தடவ கையெழுத்து, அவ்வளவுதான்" என்றார்.

டிரஸ்ட் டீட் (அறக்கட்டளைப் பத்திரம்) நகலும் தீர்மானப் புத்தகமும் கேட்டேன். மறுக்காமல் கொடுத்தார்கள். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டியதும்தான் கை நின்றுவிட்டது. பல காலாண்டுக் கூட்டங்கள் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வான எழுத்து. ஒவ்வொன்றிலும் "வரவு செலவுகள் வாசிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்கப்பட்டன" என்ற ஒரே வரி. எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு என்று ஒரு தொகைகூட இல்லை. ஒரு கூட்டம் மாட்டுப் பொங்கல் அன்று நடந்ததாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தியவன் கண்ணுக்கு இது ஒரே உட்காரலில் எழுதியது என்று தெரியாமல் போகாது.

திருட்டு நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதில் என் பெயரைச் சேர்த்துக்கொண்டால் எனக்கு என்ன பொறுப்பு வரும்? மறுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு நான் செய்ய முடிந்ததைச் செய்யாமல் போகிறேனோ என்றும் உறுத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரிமங்கலம் டு பெங்களூர்

ஐயா, நான் மாசா மாசம் இந்த மாதிரி ரெண்டு டிரஸ்ட்டுக்குப் பணம் அனுப்பறவன். என்னை மாதிரி ஆளுங்க லெட்டர்பேடுல யார் பேர் இருக்குன்னு பாத்துதான் அனுப்பறோம். "அந்த ஹெச்எம் இருக்காரு, அவர் பாத்துப்பாரு"ன்னு நம்பி அனுப்புவோம். உங்க பேரைப் பாத்து நாங்க பணம் குடுக்கறோம்னா, அந்தப் பணத்துக்கு நீங்கதானே எங்க கண்ணு? பாக்காம பேர மட்டும் குடுக்கறதா இருந்தா தயவுசெஞ்சு சேராதீங்க.

கோர்ட் ரோடு வக்கீல்

சார், "பேரு மட்டும்" என்று ஒரு டிரஸ்டி சட்டத்தில் கிடையாது. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஐந்து பேருக்கும் ஒரே பொறுப்புதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்வது இது. 1882-ம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் நேரடியாகத் தனியார் டிரஸ்டுகளுக்குத்தான். பொது அறக்கட்டளைக்கு அது பொருந்தாது என்று அதன் முதல் பிரிவிலேயே இருக்கிறது. மகாராஷ்டிராவில் 1950-லிருந்து பொது டிரஸ்டுகளுக்கென்று தனிச் சட்டமும், அறக்கட்டளை ஆணையரும் உண்டு. நமக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. கோயில்களையும் இந்து சமய அறநிலைகளையும் 1959-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அறநிலையத் துறை பார்க்கிறது, அது வேறு. உங்கள் பென்னாகரம் டிரஸ்ட் மாதிரி ஒன்றை சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த ஆபீஸ் "கணக்கு எங்கே" என்று ஒரு நாளும் கேட்காது. வருமான வரித் துறை பணத்தைப் பார்க்கும். மற்றபடி காவல் யார் என்றால் டிரஸ்டிகள்தான். நம் மாநிலத்தில் டிரஸ்டியின் பொறுப்பு ஏன் அதிகம் என்பதற்கு இதுதான் காரணம்.

ஆனாலும் 1882 சட்டத்தில் சொல்லியிருக்கும் அடிப்படைக் கடமைகளைத்தான் நீதிமன்றங்கள் பொது டிரஸ்டுக்கும் அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றன. 15-வது பிரிவு: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தை எப்படிப் பார்ப்பாரோ அப்படி டிரஸ்ட் சொத்தைப் பார்க்க வேண்டும். 19: கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். 51: டிரஸ்ட் சொத்தில் தனக்கு லாபம் தேடக் கூடாது. நீங்கள் படிக்க வேண்டியது 26-வது பிரிவு. ஒரு டிரஸ்டி செய்த தவறுக்கு இன்னொருவர் பொதுவாகப் பொறுப்பில்லை என்று ஆரம்பிக்கும். பிறகு விலக்கு சொல்லும். பணத்தை இன்னொரு டிரஸ்டி கையில் கொடுத்துவிட்டு அது சரியாகச் செலவானதா என்று பார்க்காமல் விட்டாலோ, அவர் வாங்கிய பணத்தைப் பற்றி விசாரிக்காமல் இருந்தாலோ, தவறு தெரிந்தும் நியாயமான காலத்துக்குள் நடவடிக்கை எடுக்காமல் இருந்தாலோ நீங்களும் பொறுப்பு. தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. விசாரிக்காமல் இருந்ததே குறையாகிவிடும்.

இன்னொன்று. ஏற்றுக்கொண்டபின் இஷ்டத்துக்கு விலகவும் முடியாது. 46-வது பிரிவின் கருத்துப்படி நீதிமன்ற அனுமதி வேண்டும், அல்லது பயனாளிகளின் சம்மதம் வேண்டும், அல்லது விலகுவதற்கு டீட்டிலேயே வழி இருக்க வேண்டும். அதனால் டீட்டில் ராஜினாமா விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும்) எத்தனை, டிரஸ்டியை நீக்குவது எப்படி, கலைத்தால் சொத்து எங்கே போகும், இதெல்லாம் அடுத்து.

கிருஷ்ணகிரி ஆடிட்டர் ஆபீஸ்

வக்கீல் சார் சொன்னதோட பணம் பக்கத்த நான் சொல்றேன். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் சின்ன டிரஸ்ட் கணக்கு நிறைய பாத்த அனுபவத்துல சொல்றது.

வாத்தியார் சார், ஒரு நாள் முழுசா ஒதுக்கி அவங்க ஆபீஸ்ல உக்காருங்க. பேலன்ஸ் ஷீட்ட அப்புறம் பாக்கலாம், முதல்ல பேங்க் ஸ்டேட்மெண்டயும் கேஷ் புக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. பேங்க்ல எடுத்த ரொக்கம் அன்னைக்கே கேஷ் புக்ல ஏறியிருக்கணும். கேஷ் புக் மாசக் கடைசியில மொத்தமா எழுதறாங்கன்னா, கையிருப்புன்னு அதுல இருக்கற தொகை பொட்டியில இருக்கான்னு எண்ணச் சொல்லுங்க. அப்புறம் அரிசி, மளிகை வவுச்சர். விடுதியில எத்தன பிள்ளைங்க, எவ்வளவு அரிசி வாங்கியிருக்காங்க, லீவு மாசத்துலயும் அதே அளவு பில் வருதா. இதுக்கு ஆடிட்டர் வேணாம், வீட்டுச் சமையல் கணக்கு தெரிஞ்சா போதும்.

செக்ல ரெண்டு பேர் கையெழுத்துன்னு டீட்ல இருக்கும். சந்தோஷம். ஆனா நெட் பேங்கிங் ஓடிபி யார் போனுக்குப் போகுது? இப்ப பாதிப் பணம் செக்ல போறதே இல்ல. ஒரே ஆள் போன்ல எல்லாம் நடந்தா ரெண்டு கையெழுத்து விதி பேப்பர்ல மட்டும்தான் இருக்கு. ஒருத்தர் பணத்த அனுப்பப் போட்டா இன்னொருத்தர் ஒப்புதல் குடுத்தாதான் போகும்னு பேங்க்ல ஏற்பாடு பண்ணித் தருவாங்க. டிரஸ்ட் தீர்மான நகல் குடுத்துக் கேக்கணும்.

அதுக்கு மேல ஒண்ணு. விடுதி வாசல்லயும், நோட்டீஸ்லயும் நன்கொடைக்கு க்யூஆர் ஒட்டியிருப்பாங்க. உங்க போன்ல ஸ்கேன் பண்ணி யார் பேர் வருதுன்னு பாருங்க. டிரஸ்ட் பேர் வரணும். தனி ஆள் பேர் வந்துதுன்னா அது இன்னைக்கே கிழிக்க வேண்டிய பேப்பர். நல்ல எண்ணத்துல அவசரத்துக்கு ஒட்டியிருப்பாங்க. ஆனா ஒரு வருஷம் கழிச்சு அதுல எது டிரஸ்ட் பணம், எது வீட்டுப் பணம்னு அவங்களாலயே பிரிக்க முடியாது.

வரி விஷயம் சுருக்கமா. வருஷ வருமானத்துல 85 சதவீதம் டிரஸ்ட் நோக்கத்துக்குச் செலவாகணும். 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா நன்கொடை குடுத்தா குடுத்தவருக்கு 80ஜி வரிச் சலுகை கிடையாது. நிறுவனர், டிரஸ்டி, அவங்க சொந்தக்காரங்களுக்கு டிரஸ்ட் பணத்துல எந்த ஆதாயமும் போகக் கூடாது. 1961 சட்டத்துல இது 13-வது பிரிவு. 2025-ல வந்த புதுச் சட்டத்துல எண் மாறியிருக்கு, கருத்து அதேதான். தணிக்கை அறிக்கையில அவங்களுக்குப் போன சம்பளம், வாடகை, கடன் எல்லாம் காட்டணும். அந்த அறிக்கைய வாங்கிப் படிங்க. டிரஸ்டி ஆனப்புறம் அது உங்களுக்குக் காட்ட வேண்டிய காகிதம், அதுக்கு நீங்க கூச்சப்பட வேணாம்.

கணக்குக் கேட்டா பெரியவர் மனசு நோகுமேன்னு தயங்காதீங்க. கிணத்துக்குக் கைப்பிடிச் சுவர் கட்டறோம், தண்ணி மேல சந்தேகப்பட்டா கட்டறோம்?

அஞ்செட்டி மலை

எல்லாரும் ஒரு பக்கமாவே பேசறீங்க. நான் சின்ன டிரஸ்ட் நடத்தறவன். மனசுல இருக்கறத சொல்லிடறேன்.

வீட்டு ஆளுங்களையே ஏன் டிரஸ்டியா போட்டுக்கறீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. ஆரம்பிச்சப்ப வேற யாரும் வரல, அதான். டவுன்ல பெரிய மனுஷங்க வீடு வீடா ஏறி எறங்கினேன். குடியரசு தினத்துக்குக் கொடியேத்த வர்றேன்னாங்க. போர்டு மீட்டிங்குக்கு அஞ்செட்டி வரைக்கும் ஏறி வர ஒருத்தரும் தயாரில்ல. டீட் பதிவு பண்ண ஆள் வேணும், சம்சாரத்தையும் தம்பியையும் போட்டேன்.

ஒரு கம்பெனி தர்றதா சொன்ன பணம் மாசக்கணக்குல இழுத்தடிச்சது. படிப்பு மையத்து டீச்சருங்களுக்குச் சம்பளம் நிக்கக் கூடாதுன்னு வீட்டு நகைய அடகு வச்சுக் குடுத்தேன். அப்ப எந்த டிரஸ்டியும் "அடுத்த மாசம் என்ன பண்ணப் போற"ன்னு கேக்கல. இதே ஆளுங்க வருஷக் கடைசியில வந்து "இந்த டீ செலவுக்கு வவுச்சர் எங்க"ன்னு கேட்டா நெஞ்சு எரியாதா? டிரஸ்டின்னா வவுச்சர் பாக்கறது மட்டுமா? நாலு நல்லவங்கள அறிமுகம் பண்றது, அதிகாரிகிட்ட கூட வந்து பேசறது, இவனும் மனுஷன், இவனுக்கப்புறம் யாருன்னு யோசிக்கறது, இதெல்லாம் யார் வேலை?

கிருஷ்ணகிரி ஆடிட்டர் ஆபீஸ்

அண்ணா, நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட தப்பில்ல. அடுத்த மாசச் சம்பளத்துக்கு வழி இருக்கான்னு கேக்கறதுதான் போர்டோட முதல் கேள்வியா இருக்கணும். மூணு மாசச் செலவுக்காவது கையில இருப்பு இருக்கா, எந்த நன்கொடை எப்ப நிக்கும்னு பாக்காத போர்டு பாதி வேலதான் பாக்குது.

நகை விஷயத்துல ஒண்ணு கேக்கறேன். அந்தப் பணம் கணக்குல எப்படி ஏறியிருக்கு? நன்கொடைன்னா நன்கொடை, ரசீது போடுங்க. கடன்னா டிரஸ்ட் உங்ககிட்ட வட்டியில்லாக் கடன் வாங்கினதா தீர்மானம் எழுதி, பணத்த பேங்க் வழியா உள்ள கொண்டுவந்து, பேங்க் வழியா திருப்பி எடுக்கணும். ரெண்டும் இல்லாம நேரா டீச்சர் கையில ரொக்கமா குடுத்துட்டு, கம்பெனி பணம் வந்ததும் டிரஸ்ட் அக்கவுண்ட்ல இருந்து நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னா, வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு அது நிறுவனர் பணம் எடுத்த மாதிரிதான் தெரியும். நீங்க பண்ண தியாகம் எந்தப் பக்கத்துலயும் இருக்காது. ஒழுங்கான போர்டு இருந்தா அந்தத் தீர்மானம் அன்னைக்கே எழுதியிருப்பாங்க. கணக்கு உங்களுக்கு எதிரானது இல்ல அண்ணா, உங்களக் காப்பாத்தறதும் அதுதான்.

ஏரியூர் களப்பணி

வணக்கம். நான் வேற ஒரு சங்கத்துல பல வருஷம் களப்பணியாளரா வேல பாத்தேன், பேர் சொல்ல விரும்பல. மேல எல்லாரும் பணத்தப் பத்தியே பேசிட்டீங்க. விடுதின்னு சொன்னதால எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கு.

நாங்க வேல பாத்த எடத்துல டிரஸ்டிங்க வர்ற அன்னைக்கு மட்டும் தரை கழுவி, பிள்ளைங்களுக்குப் புதுத் துணி போட்டு, பாட்டுப் பாட வைப்பாங்க. யாரும் பிள்ளைங்ககிட்ட தனியா பேசினது கிடையாது. எங்ககிட்டயும் பேசினது கிடையாது. வார்டன் நிறுவனருக்குச் சொந்தம். ஒரு பிள்ள ஏதாவது சொல்லணும்னா வார்டன்கிட்ட சொல்லணும், வார்டனப் பத்தியே சொல்லணும்னா யார்கிட்ட சொல்றது? அந்த எடத்துல பாத்ரூம் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் ரொம்ப நாளா உடைஞ்சு கெடந்தது. பெரிய பிள்ளைங்க ஒருத்தி குளிச்சா ஒருத்தி வெளிய நின்னு கதவப் புடிச்சுக்குவாங்க. புது மாடி கட்டினதப் பத்தி அறிக்கையில நாலு பக்கம் போட்டோ வந்துச்சு. தாழ்ப்பாள் எந்தக் கூட்டத்துலயும் வரல.

சார் நீங்க டிரஸ்டி ஆனா, சொல்லாம கொள்ளாம ஒரு செவ்வாக்கிழமை சாயங்காலம் போங்க. பிள்ளைங்களோட உக்காந்து சாப்பிடுங்க. சமையல்கார அக்காகிட்ட சம்பளம் எப்ப வந்துச்சுன்னு கேளுங்க. உங்க போன் நம்பரையும் குழந்தைங்க உதவி எண் 1098-ஐயும் பிள்ளைங்க படிக்கற மாதிரி செவுத்துல எழுதி வைக்கச் சொல்லுங்க. பொம்பளப் பிள்ளைங்க விடுதிக்குப் போர்டுல பொம்பளைங்க இருக்கணும், அவங்க அடிக்கடி வரணும். பெரியவர் சம்சாரம் இருக்காங்கன்னு சொல்லிடாதீங்க, வெளி ஆள் வேணும்.

கோர்ட் ரோடு வக்கீல்

இந்தச் சகோதரி சொன்னதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சட்டமும் இவர் பக்கம்தான். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்குத் தமிழ்நாட்டில் 2014-ல் தனிச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. ஆதரவற்ற, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் இல்லம் என்றால் 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். எந்த வகையில் வருகிறது, உரிமம் எந்தத் தேதி வரை என்று வாங்கிப் பாருங்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19: குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் எவராக இருந்தாலும் காவல் துறையிடம் சொல்லியாக வேண்டும். பிரிவு 21: நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "போர்டில் பேசி முடிவு செய்யலாம்" என்று ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட இடமில்லை. நிறுவனத்தின் நல்ல பெயருக்காகப் பேசாமல் இருப்பது டிரஸ்டியின் கடமை என்று நினைக்கிறவர்கள் போர்டில் இருக்கவே கூடாது.

ஓசூர் சிப்காட்

ஓசூர்ல ஒரு தொழிற்சாலையில சிஎஸ்ஆர், அதாவது கம்பெனி சமூகப் பணிக்கு ஒதுக்கற பணத்த, பாக்கற பிரிவுல இருக்கேன். 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல இருக்கற கம்பெனிங்க மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் ஒதுக்கணும். அதுல பங்கு வாங்க வர்ற டிரஸ்டுங்கள நாங்க எப்படிப் பாக்கறோம்னு சொல்றேன். சிஎஸ்ஆர் பணம் வாங்கறதுக்கான சிஎஸ்ஆர்-1 பதிவு, வருமான வரித் துறையோட 12ஏபி, 80ஜி பதிவு, இதெல்லாம் இருந்தாதான் உள்ளயே வர முடியும். அதுக்கப்புறம் நாங்க பாக்கறது போர்டு. அஞ்சுல நாலு பேர் ஒரே வீடுன்னா எங்க கமிட்டியில முதல் கேள்வி அதுதான். அதுக்காக ஒரேடியா ஒதுக்கிடறதில்ல. வெளி ஆள் யார், அவர் கூட்டத்துல எப்பவாவது மாத்துக் கருத்து சொன்னது பதிவாகியிருக்கான்னு தீர்மானப் புத்தகத்தக் கேட்டு வாங்கிப் படிப்போம். எல்லாமே ஏகமனதுன்னா அந்தப் போர்டு கூடிப் பேசறதில்லன்னுதான் எடுத்துக்குவோம். அஞ்செட்டி அண்ணன் சொன்ன மாதிரி கம்பெனிங்க பணத்த இழுத்தடிக்கறதும் உண்மை, அது எங்க பக்கத்துக் குறை. ஒப்பந்தத்துல எந்த மாசம் எந்தத் தவணைன்னு எழுதி வாங்குங்க. அதக் கேக்கறதும் டிரஸ்டிங்க வேலைதான்.

இன்னொரு கேள்வி, விடுதிக் கட்டடம் யார் பேர்ல இருக்கு? நிறைய எடத்துல சிக்கல் அங்கதான் வருது.

பாலக்கோடு வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. ஓசூர் நண்பர் கேட்ட கேள்வியைப் பெரியவரிடமே கேட்டேன். இடம் அவர் மகன் பெயரில் இருக்கிறது. கீழ்த்தளம் குடும்பப் பணத்தில் கட்டியது. மாடி நன்கொடைப் பணத்தில் கட்டியது. வாடகை வாங்குவதில்லை. "என் மகன் என்ன, என் பிள்ளைங்கள ரோட்ல விட்டுருவானா?" என்றார். விடுதிப் பிள்ளைகளையும் அவர் என் பிள்ளைகள் என்றுதான் சொல்வார். அவர் சொன்னதில் பொய் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் தங்கம் மாதிரி இடம், ரோடு ஓரம். பெரியவர் காலத்துக்குப் பிறகு?

கோர்ட் ரோடு வக்கீல்

மகன் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு ஒரு கடன் வந்து பேங்க் ஜப்தி என்று வந்தால்? அவர் இறந்து வாரிசுகளுக்குள் பாகப்பிரிவினை என்று வந்தால்? பத்திரத்தில் யார் பெயரோ அவர் சொத்துதான். ஊரார் பணத்தில் கட்டிய மாடியும் அந்த நிலத்தோடு போய்விடும்.

சுத்தமான வழி, மகன் அந்த இடத்தை டிரஸ்டுக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொடுப்பது. அதற்கு மனம் இல்லையென்றால் நீண்ட காலக் குத்தகைப் பத்திரம். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும், இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிப் பீரோவில் வைத்தால் செல்லாது. குத்தகை முடிந்தால் மாடிக் கட்டடத்துக்கு என்ன கணக்கு என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். கூடவே வில்லங்கச் சான்று போட்டு அந்த இடத்தின் மேல் ஏற்கெனவே அடமானம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இதை நீங்கள் சேருவதற்கு முன்னால் பாருங்கள்.

கிருஷ்ணகிரி ஆடிட்டர் ஆபீஸ்

வரி பக்கத்துலயும் இது பெரிய ஓட்டை. டிரஸ்ட் பணத்துல டிரஸ்டியோட மகன் நிலத்துல, அதுவும் அவரே டிரஸ்டியா இருக்கும்போது, கட்டடம் கட்டினா ஆதாயம் அவருக்குப் போச்சுன்னு எடுத்துக்கலாம். வரிவிலக்குக்கே ஆபத்து. பெரியவர்கிட்ட சந்தேகமாப் பேசாதீங்க, இந்த ஆபத்தச் சொல்லுங்க. அவர் இவ்வளவு வருஷம் கட்டினது ஒரு நோட்டீஸ்ல ஆட்டங்காணக் கூடாதுன்னு சொன்னா புரிஞ்சுக்குவார்.

அஞ்செட்டி மலை

ஆடிட்டர் தம்பி, நகைக் கடனுக்கு நீ சொன்ன மாதிரி தீர்மானம் எழுத ஏற்பாடு பண்றேன், நன்றி.

ஆனா இந்த நில விஷயத்துல பெரியவர் மனசு எனக்குப் புரியுது. நானும் என் நிலத்துலதான் மையம் கட்டியிருக்கேன். டிரஸ்டுக்கு எழுதிக் குடுத்துட்டு, வெளி ஆளுங்களயும் போர்டுல சேத்துட்டு, நாளைக்கு அவங்க ஒண்ணு சேந்து என்னையே வெளிய அனுப்பிட்டா? நடந்திருக்கு. நம்ம மாவட்டத்துலயே நடந்திருக்கு. உயிரக் குடுத்து வளத்தவன் வாசல்ல நிக்கறத நான் பாத்திருக்கேன். அதுக்கு யார் ஜவாப்பு?

கோர்ட் ரோடு வக்கீல்

நியாயமான பயம், அதற்கு வழி இருக்கிறது. நிறுவனர் ஆயுள் வரை டிரஸ்டியாக இருப்பார் என்று டீட்டில் எழுதலாம். நிறையப் பேர் எழுதியும் இருக்கிறார்கள். நிலத்தையோ டிரஸ்டின் நோக்கத்தையோ தொடும் முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும் என்று வைக்கலாம். இந்த நோக்கத்துக்குத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது, டிரஸ்ட் கலைந்தால் இதே மாதிரி வேலை செய்யும் இன்னொரு பொது டிரஸ்டுக்குத்தான் போக வேண்டும் என்று தானப் பத்திரத்திலேயே எழுதலாம். ஆனால் நிறுவனரின் சம்பளம், அவர் சொந்தக்காரர் நியமனம், அவர் நிலம் பற்றிய பேச்சு வரும்போது அவர் எழுந்து வெளியே போக வேண்டும், ஓட்டுப் போடக் கூடாது. அவர் வெளியே போனதும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும்.

வெளியில் இருந்து வரும் டிரஸ்டிகள் கெட்ட நோக்கத்தோடு நடந்தாலும் பரிகாரம் உண்டு. டிரஸ்டில் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவின்படி நீதிமன்ற அனுமதி பெற்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். டிரஸ்டியை நீக்கவும், கணக்குக் கேட்கவும், நிர்வாகத் திட்டம் வகுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நிறுவனருக்கு எதிராகவும் இதே பிரிவுதான்.

ஊத்தங்கரை மகளிர்

நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். எங்களது டிரஸ்ட் இல்ல, சங்கமா பதிவு பண்ணது. நான் பொருளாளர். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

கோர்ட் ரோடு வக்கீல்

அம்மா, உங்களுக்கு 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். அங்கே கட்டுப்பாடு கூடுதல். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கலாம். பல சங்கங்கள் தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டு, தகராறு வரும்போதுதான் ஓடுகின்றன. உங்களுடையது எந்த ஆண்டு வரை தாக்கல் ஆகியிருக்கிறது என்று நாளைக்கே பாருங்கள்.

பாலக்கோடு வாத்தியார்

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெரியவரையும் மகனையும் உட்காரவைத்துப் பேசினேன். நீங்கள் இங்கே எழுதியதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போயிருந்தேன்.

தீர்மானப் புத்தகம் பற்றிக் கேட்டதும் பெரியவர் முகம் வாடிவிட்டது. ஆடிட்டர் கேட்கிறார் என்று மகன் ஒரு ராத்திரியில் எழுதியதாம். இனிமேல் கூட்டம் நடந்தால் மட்டும் எழுதுவது, தொகையோடு எழுதுவது, எதிர்க்கருத்து இருந்தால் அதையும் எழுதுவது என்று ஒப்புக்கொண்டார். பழைய பக்கங்களில் கை வைக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றேன். வாசலில் ஒட்டியிருந்த க்யூஆரை நான் ஸ்கேன் செய்தபோது மருமகன் பெயர் வந்தது. அவர் அங்கேயே நின்றிருந்தார், அவரே கிழித்தார்.

மகன் நிலத்துக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. தானமாகக் கொடுக்க மனம் வரவில்லை, குத்தகை என்றால் யோசிக்கிறேன் என்கிறார். அதில் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் குத்தகைப் பத்திரம் பதிவாகும் வரை டிரஸ்டியாகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். அதுவரை மாலை மையத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறேன், அதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை.

ஏரியூர் அம்மா சொன்னதைத்தான் அதிக நேரம் பேசினோம். டீட்டில் ஒன்பது பேர் வரை டிரஸ்டிகள் இருக்கலாம் என்று இருக்கிறது. அதில் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவரையும், விடுதியில் படித்த பெண்ணின் தாய் ஒருவரையும் சேர்க்கலாம் என்றேன். "கூலி வேலைக்குப் போறவங்க போர்டுல வந்து என்ன பேசுவாங்க" என்று மகன் கேட்டார். பெரியவர்தான் பதில் சொன்னார்: "அவங்க பிள்ளைங்களப் பத்தி நம்மளவிட அவங்கதான் பேசணும்." ஒரு நாள் கூலி போகுமே, அதற்கு டிரஸ்ட் ஏதாவது கொடுக்கலாமா? டிரஸ்டிக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று படித்தேன்.

கிருஷ்ணகிரி ஆடிட்டர் ஆபீஸ்

சார், முதல்ல டீட் என்ன சொல்லுதுன்னு பாருங்க. டிரஸ்டிக்குச் சம்பளம் கிடையாதுன்னு எழுதியிருந்தாலும் வந்துபோற செலவ குடுக்கத் தடை இருக்காது. அந்தம்மாவுக்குப் பஸ் டிக்கெட், சாப்பாடு நிஜமா ஆன செலவு, வவுச்சர் போட்டுக் குடுங்க. ஒரு நாள் கூலிக்கு ஈடா குடுக்கறதுன்னா எல்லா டிரஸ்டிக்கும் பொதுவா, இவ்வளவுன்னு தொகை போட்டு ஒரு தீர்மானம். டீட் இடம் குடுக்கணும், தொகை நியாயமா இருக்கணும், அவ்வளவுதான். அதவிட நல்லது, கூட்டத்த அவங்க ஊர் மையத்துலயே ஞாயித்துக்கிழமை வைங்க. அவங்க கூலியும் போகாது, மத்த டிரஸ்டிங்களும் மையத்தப் பாத்த மாதிரி ஆகும்.

புது டிரஸ்டி சேந்ததும் பேங்க் கேஒய்சி, வருமான வரி போர்ட்டல், தொண்டு நிறுவனங்களுக்கான அரசு தர்பன் தளம் எல்லாத்துலயும் பேர் மாத்தச் சொல்லுங்க. இறந்துபோன நண்பர் பேர் இன்னும் பேங்க்ல கையெழுத்து அதிகாரத்துல இருக்கான்னு அன்னைக்கே கேட்டுடுங்க.

ஏரியூர் களப்பணி

சார், அந்தத் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னா கூட்டத்துக்கு முன்னாடி கணக்க யாராவது ஒருத்தர் உக்காந்து வாயால சொல்லணும், புரிஞ்சுதான்னு கேட்டுட்டுத்தான் கைரேகை வாங்கணும். பென்னாகரத்துல நான் இருக்கற அன்னைக்கு நானே வந்து சொல்றேன். தேதி முடிவானா இங்கயே எழுதுங்க.